சவுக்கு நிழலில் பன்னிரண்டு பாய்கள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலை ஆறரை மணிக்கு 750 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் யன்னலோரத்தில் இடம் கிடைக்கும். இருபாலை, கோப்பாய், நீர்வேலி என்று செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும் கூடவே வரும். ஆவரங்கால் தாண்டியதும் வீடுகள் குறைந்து, சட்டென்று வல்லை வெளி விரியும். மதில் இல்லை, மரம் இல்லை. உவர்த் தரையும் நீரும் காற்றும்தான். அந்தக் காற்று முகத்தில் பட்டதும் பஸ்ஸில் இருக்கிற பெண்கள் கலைந்த தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விடுவார்கள். இதைப் பல தடவை கவனித்திருக்கிறேன். நானும் விடுவேன்.

பருத்தித்துறையில் இறங்கி, மருதங்கேணிப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். வல்லிபுர ஆழ்வார் கோவிலை நெருங்கும்போதே மண்ணின் நிறம் மாறிவிடும். சிவப்புப் போய் வெள்ளை மணல் வரும். மணற்காட்டில் மணல் குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. அந்த மணலுக்குள் புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்கள் இன்னமும் வெளியே தெரிகின்றன. பிறகு குடத்தனை, அம்பன், நாகர்கோவில். 1995 செப்டெம்பர் 22 அன்று நாகர்கோவில் பாடசாலையில் விமானக் குண்டு விழுந்து மாணவர்கள் பலர் இறந்தார்கள். இன்னும் அப்பால் உடுத்துறையில், 2004 டிசெம்பர் 26 கடல் கொண்டுபோனவர்களுக்கான நினைவாலயம் இருக்கிறது. போரும் சுனாமியும் ஒரே வீட்டு வாசலால் உள்ளே வந்த கரை இது.

நான் போகும் ஊர் இந்த வீதியில்தான் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ள பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். "மனவருத்தக்காரரின்ர ஊர் எண்டு சொல்லிப்போடுவினம் மிஸ்" என்றார்கள். இரண்டு வருடமாக வியாழக்கிழமைகளில் அங்கே பன்னிரண்டு பெண்கள் பாய் விரித்து யோகாப் பயிற்சி செய்கிறார்கள். அதைப் பற்றி நான் எழுதுவதற்கு அவர்கள் சம்மதம் தந்தார்கள்.

மணிக்கூட்டைப் பார்த்த நாள்

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியபோது, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டிய சிறுபிள்ளைகளில் நானும் ஒருத்தி. பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் சமூகப் பணிக்கு வந்துவிட்டேன்.

எங்கள் தொழில் பெரும்பாலும் கேட்பதுதான். காணாமற்போனவர் கதை, கடன் கதை, அடி வாங்கிய கதை. ஒரு நாளைக்கு நான்கு வீடு, ஐந்து வீடு. முதல் சில வருடங்கள் ஒவ்வொரு கதையும் என்னோடு வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு எந்தக் கதையும் உள்ளே போகவில்லை. ஒருநாள் ஒரு அக்கா தன் கணவரைக் கடைசியாகக் கண்ட இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "பிள்ளைக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சோ?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் 'பேர்ன் அவுட்' என்று பெயர். எரிந்து தீர்ந்துபோதல் என்று சொல்லலாம். 1974 இல் அமெரிக்க உளவியலாளர் ஹேர்பேட் ஃப்ரொய்டன்பேகர் இதைப் பற்றி எழுதினார். நியூயோர்க்கில் இலவச வைத்திய நிலையமொன்றில் தொண்டாற்றியவர்களிடமும் தன்னிடமும் கண்டதையே அவர் எழுதினார். 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதற்கு மூன்று குறிகளைச் சொல்கிறது. தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், என்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். இது நோயல்ல, தொழிலால் வரும் நிலை என்றும் அது சொல்கிறது.

அதை வாசித்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. விடியப்புறம் எழும்பிச் சமைத்து, காலை இழந்த கணவரைக் கழுவித் துடைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, வாடியில் மீன் தெரிந்து, பின்னேரம் நுண்கடன்காரருக்குப் பதில் சொல்லும் பெண்ணுக்கு எது தொழில்? எனக்காவது சம்பளமும் லீவும் உண்டு. அவர் யாரிடம் போய் லீவு கேட்பார்?

களைப்போடு சேர்ந்து வருவது பதகளிப்பு. நெஞ்சு படபடக்கும், கை குளிரும், காரணமில்லாமல் ஒரு அந்தரம் பிடிக்கும். மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் நின்றால் போதும். ஆனால் எங்கள் பெண்கள் வைத்தியரிடம் போய் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உளைவு என்றுதான் சொல்வார்கள். "ஒரே யோசனை" என்பார்கள். பெருமூச்சு விடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தன் எழுத்துகளில் இதையெல்லாம் பதிந்திருக்கிறார். மனத்தின் நோவை எங்கள் சமூகம் உடம்பாலேயே பேசுகிறது என்றால், ஆறுதலையும் உடம்பால் தொடங்கலாம்தானே. அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1980களில் இருந்தே மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், ஜெபம் போன்ற எங்கள் பழைய வழிமுறைகளைச் சிகிச்சையோடு சேர்த்துக் கற்பித்து வந்தார்கள்.

முதல் வியாழன்

இதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் நான் அந்த ஊருக்குப் போனேன். ஆனாலும் முதல் நாளே பிழைத்துவிட்டது. பிழை என்னுடையது.

பட்டணத்தில் பயிற்சி கொடுக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்பள்ளி மண்டபத்தில் பாய் விரித்தோம். காற்றுக்குப் பாய் பறக்கிறதென்று கதவைச் சாத்தினோம். அரை மணித்தியாலம் எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் அவர் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொன்னார். "கண்ணை மூடுங்கோ, உடம்பைத் தளர விடுங்கோ" என்றார். ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. மூலையில் படுத்திருந்த ஒரு தங்கச்சி குழறிக்கொண்டு எழும்பிக் கதவை நோக்கி ஓடினார். இன்னும் இரண்டு பேர் எழும்பி உட்கார்ந்து நடுங்கினார்கள்.

பின்னர் அவர் வெளியே மணலில் இருந்துகொண்டு சொன்னார். 2009 இல் பங்கருக்குள் அப்படித்தான் மல்லாந்து படுத்திருந்தாராம். பக்கத்தில் கிடந்த தம்பியின் மூச்சு நின்றதை இருட்டில் காதால்தான் அறிந்தாராம். "கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான் மிஸ் கேக்குது."

எல்லோரும் சாந்தியைத் தரும் என்று சொல்கிற ஆசனம் அவருக்குப் பங்கராகிவிட்டது. இதை எந்தப் புத்தகமும் எனக்கு மறைக்கவில்லை. போர் கண்ட உடம்புக்குக் கண் மூடுவதும், மல்லாந்து கிடப்பதும், கதவு சாத்துவதும் ஆபத்தின் அடையாளங்கள் என்று யோசிக்க நான்தான் மறந்தேன்.

அடுத்த தடவை நாங்கள் கேட்டுக் கேட்டு மாற்றினோம். மண்டபம் வேண்டாம், சவுக்கு மரத்தின் கீழே இருப்போம் என்றார்கள். ஒருவருக்கு ஒருவர் முதுகு காட்டாமல் வட்டமாகப் பாய் விரித்தோம். கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், விரும்பினால் கடலைப் பார்க்கலாம். படுக்க விருப்பமில்லாதவர் இருக்கலாம். முழங்கால் நோ உள்ளவர் கதிரையில் இருந்து செய்யலாம். யாரும் யாரையும் கேட்காமல் தொடக்கூடாது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் எழும்பிப் போகலாம். இந்தக் கடைசி விதிதான் மிகப் பெரியது என்று எனக்குப் பின்னர் விளங்கியது. "போ" என்றால் போய், "இரு" என்றால் இருந்து, வரிசையில் நின்று வாழ்ந்த பெண்களுக்கு, தன் உடம்பு எப்போது என்ன செய்யும் என்பதைத் தானே தீர்மானிப்பது புதிய விடயம்.

ஓடிய தங்கச்சி ஒரு மாதம் வரவில்லை. பிறகு வந்து பாயில் இருக்காமல் மரத்தில் சாய்ந்து நின்று பார்த்தார். மூன்றாவது மாதம் செருப்பைக் கழற்றினார்.

செபமாலையும் திருநீறும்

இந்தக் கரையோர ஊர்களில் கத்தோலிக்கரும் சைவரும் கலந்து வாழ்கிறார்கள். யோகா என்றதும் ஒரு அம்மா நேராகவே கேட்டார்: "பிள்ளை, இது சைவக்காரரின்ர அல்லோ? எங்களுக்குச் சரிவருமோ?" நியாயமான கேள்வி. நானும் பதிலை எழுத்தில் தேடினேன். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தை அமைதிப்படுத்தும் முறையை ஒவ்வொரு சமயத்தவருக்கும் அவரவர் சொல்லிலேயே கொடுக்கலாம் என்று தயா சோமசுந்தரம் காட்டியிருக்கிறார். சைவருக்கு ஐந்தெழுத்து, கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ரு, பௌத்தருக்குச் சரணம். நாங்களும் அப்படியே செய்தோம். இப்போது மூச்சு விடும் நேரத்தில் ஒருவர் விரலில் செபமாலை உருளும், பக்கத்தில் இருப்பவர் நெற்றியில் திருநீறு இருக்கும். ஒன்றும் சொல்லாமல் அலையை எண்ணுபவரும் இருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் யோகம் என்றால் எங்களுக்கு நினைவு வருவது நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியும், கொழும்புத்துறைக் கொட்டிலில் வாழ்ந்த யோகர் சுவாமியும்தான். தனித்திருந்த ஆண் துறவிகள். பெண்களுக்கு ஆறுதல் கிடைத்த இடம் வேறு. அது கூட்டத்தில் இருந்தது. செத்தவீட்டில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அயலவர் சோறு சமைத்துக் கொண்டுவந்தார்கள். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி என்று துக்கத்துக்கு நாள் வைத்து, கூட இருந்து கரை சேர்த்தார்கள்.

போர் அதையும் பறித்தது. உடல் கிடைக்காதபோது செத்தவீடு இல்லை. ஓடிக்கொண்டிருந்தபோது எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. கீரிமலைப் பக்கமே வருடக்கணக்காக உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. போர் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது, ஆகவே ஆற்றுவதும் கூட்டாக நடக்க வேண்டும் என்று 2007 இல் தயா சோமசுந்தரம் எழுதினார். சவுக்கு மரத்தின் கீழ் வட்டமாக இருக்கும்போது அந்தக் கருத்து எனக்கு விளங்குகிறது. முதல் அரை மணித்தியாலம் யோகா, அடுத்த அரை மணித்தியாலம் பிளேன்ரீயும் பனங்கட்டியும். இரண்டில் எது மருந்து என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆராய்ச்சி சொல்வது

மூச்சை உள்ளே எடுக்கும்போது இதயம் சிறிது வேகமாகவும், வெளியே விடும்போது சிறிது மெதுவாகவும் துடிக்கிறது. மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகசு என்ற நரம்பே இதற்குக் காரணம். ஆகவே வெளிமூச்சை நீட்டினால், ஆபத்து இல்லை என்ற செய்தி உடம்புக்குப் போகிறது. எங்கள் பெருமூச்சும் ஒரு நீண்ட வெளிமூச்சுத்தான். அது தானாக, தனியாக வருவது. இது தெரிந்து, சேர்ந்து விடுவது.

2014 இல் அமெரிக்காவில் பெஸல் வான் டேர் கொல்க் என்ற உளமருத்துவரின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. நெடுநாள் உளவடுவோடு வாழ்ந்த, சிகிச்சைகளுக்கு எளிதில் மாறாத 64 பெண்கள் அதில் பங்குபற்றினார்கள். பத்து வாரம் யோகா செய்தவர்களில் பாதிப்பேர் அந்த நோய் நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். சுகாதாரக் கல்வி மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரே அப்படி வந்தார்கள். கடலுக்கு அக்கரையில், நாகபட்டினத்துச் சுனாமி முகாம்களில் 183 பேரோடு யோக மூச்சுப் பயிற்சி பற்றி ஒரு ஆய்வு நடந்து 2010 இல் வெளியானது. அதுவும் நல்ல பயனைக் காட்டியது. எங்கள் வடகிழக்குக் கரை முகாமிலும் போரையும் சுனாமியையும் கண்ட 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே சிகிச்சை அளித்தார்கள். ஒரு பகுதியினர் தம் கதையைச் சொல்லும் சிகிச்சை பெற்றார்கள், மறு பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றார்கள். ஆறு மாதத்தின் பின் முதல் பகுதியில் 81 வீதமும் மறு பகுதியில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். இவை சிறிய ஆய்வுகள். ஆனால் நம்பிக்கை தருபவை.

"ஆறினா மறந்திடுவனோ?"

எங்கள் வட்டத்தில் ஒரு அம்மா இருக்கிறார். அறுபது தாண்டியவர். 2009 மே மாதத்தில் மகன் இராணுவத்திடம் சரணடைந்ததைக் கண்ணால் கண்டவர். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் தொடர் போராட்டத்தில் மகனின் படத்தோடு பல நாட்கள் இருந்தவர். அவர் வருவார், பாயில் இருப்பார், கையைத் தூக்குவார். மூச்சுப் பயிற்சி தொடங்கியதும் எழும்பிப் போய்விடுவார்.

ஒருநாள் நானும் பின்னால் போனேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, மூச்சை விட விட நெஞ்சுக்குள்ள இருக்கிற பாரம் குறையுது. எனக்கு அதுதான் பயம். இந்தப் பாரம்தான் எனக்கும் அவனுக்கும் இடையில மிச்சம் இருக்கிறது. மனம் ஆறினா அவனை மறந்திடுவனோ? தேடுறதை விட்டிடுவனோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. படித்த எந்தப் பாடத்திலும் இருக்கவில்லை. பேசாமல் பக்கத்தில் இருந்தேன். அன்று நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு தொடங்கியது. 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு பிள்ளையின் புத்தகப் பையும் வந்தது. அந்த வாரங்களில் எங்கள் வட்டத்தில் யாருக்கும் நித்திரை இல்லை. கைத்தொலைபேசியைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார்கள். யோகா வேண்டாம், சும்மா இருப்போம் என்றார்கள். அப்படியே இருந்தோம். அப்போது அந்த அம்மா தானாகப் பேசினார். "படுக்கையில விழுந்தா நான் எப்பிடித் தேடுறது? எங்கயும் போய் நிண்டு கதைக்க எனக்குப் பெலன் வேணும்." பிறகு என்னைப் பார்த்து, "அந்த மூச்சை ஒருக்கால் சொல்லித் தா" என்றார்.

என் கேள்விக்குப் பதில் அவரிடமிருந்துதான் வந்தது. ஆறுவது வேறு, மறப்பது வேறு. ஆறினால்தான் தொடர்ந்து தேடலாம்.

இதையும் சொல்ல வேண்டும். யோகா கடனை அடைக்காது. பிடித்த காணியைத் திருப்பித் தராது. காணாமற்போனவர் எங்கே என்ற கேள்விக்கு அரசு சொல்லவேண்டிய பதிலை யோகா சொல்லாது. "மனத்தை அமைதியாக வைத்திருங்கள்" என்று சொல்லி உரிமைக் குரலை அமத்துவதற்கு யாராவது இதைப் பயன்படுத்தினால் அது துரோகம். குடித்துவிட்டு அடிக்கும் கணவரைப் பொறுப்பதற்கும் இது பயிற்சியல்ல. வாரக்கணக்காக நித்திரை இல்லாவிட்டால், சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால், வைத்தியரிடம் போக வேண்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் அழைக்கலாம். குடிக்கிற மருந்தை யோகா செய்கிறோம் என்று நிறுத்தக்கூடாது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

சகோதரிகளே, இதற்குப் பணமும் வேண்டாம், விசேட உடுப்பும் வேண்டாம். எங்கள் வட்டத்தில் சேலையோடும் ஹவுஸ்கோட்டோடும் செய்கிறார்கள். பாயிலோ கதிரையிலோ இருங்கள். பாதம் நிலத்தில் படட்டும். கண் திறந்திருக்கட்டும். மூன்று எண்ணும் வரை மூக்கால் மூச்சை எடுங்கள். ஐந்து எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இடையில் மூச்சைப் பிடித்து வைக்க வேண்டாம், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும். இப்படிப் பத்துத் தடவை. பிறகு தோளை உயர்த்தி இறக்குங்கள். கையைக் கோர்த்துத் தலைக்கு மேல் நீட்டுங்கள். தலை சுற்றினால், பழைய காட்சி கண்முன் வந்தால், நிறுத்திவிட்டு எழும்பி முகம் கழுவுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரோடு கதையுங்கள். தனியே செய்வதை விட இரண்டு பேராவது சேர்ந்து செய்வது நல்லது. அயல் வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள்.

போன வியாழக்கிழமை நான் போனபோது மழை வரும்போல இருந்தது. மரத்தில் சாய்ந்து நின்ற தங்கச்சி எல்லோருக்கும் பாய் விரித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல நான் எண்ணத் தொடங்கினேன். "பொறு பிள்ளை" என்றார் அந்த அம்மா. "நீ ஒவ்வொரு நாளும் எண்ணுறாய். இண்டைக்கு நீ மூச்சை விடு. நான் எண்ணிறன்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். ஒண்டு, ரண்டு, மூண்டு. நான் அவர் எண்ணிக்கைக்கு மூச்சை விட்டேன். பன்னிரண்டு பேரும் விட்டார்கள். திரும்பி வரும்போது வல்லை வெளியில் மழை பிடித்துக்கொண்டது. யன்னலைச் சாத்தச் சொன்னார்கள். நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாத்தினேன்.